ஐம்பத்திரண்டு கல்யாணங்களை வெட்டிச் செய்த பிளானர்

என் வாழ்க்கையில் நானே ஆரம்பித்து நானே முடித்த பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு பிளானர். அதாவது, திங்கட்கிழமை இன்னது செய்யணும், செவ்வாய்க்கிழமை இன்னது செய்யணும் என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன்படி நடக்காமல் இருப்பதற்கான நோட்டு. அதையும் ஐம்பத்திரண்டு கல்யாணங்களை நட்டநடுவில் வெட்டித்தான் செய்தேன். அதில் ஐம்பத்தோரு கல்யாணங்களுக்காக யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மீதி ஒன்றுதான் என் மானத்தை வாங்கியது. அதைச் சொன்னால் எனக்குத்தான் கேவலம். ஆனாலும் எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. (அவர்கள் கதையில் என் கையிலிருந்த கத்தரிக்கோல் வருஷத்துக்கு ஓர் அங்குலம் வளர்கிறது.)

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் நாளும் நேரமும் குறித்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. எனக்கோ காலையில் பல் தேய்த்தோமா என்பதே மத்தியானம் சந்தேகமாக இருக்கும். ஒருமுறை ஒரே பதினோரு மணிக்கு இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாததால் சண்டை சீக்கிரம் முடிந்தது. டாக்டர் நல்ல மனுஷர். “ஏம்மா, எதையாச்சும் எழுதி வச்சுக்கயேன்” என்று மட்டும் சொன்னார்.

எழுதி வைப்பது என்று முடிவான பிறகு சாதாரண நோட்டில் எழுதினால் நான் என்ன ஆள்? செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒரு பெண் பூப்போட்ட பிளானரில் ஆறு நிறப் பேனாவால் எழுதி எழுதியே வாழ்க்கையில் முன்னேறிக்கொண்டிருந்தாள். திருச்சிக்குப் போனபோது கடையில் அதே மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தேன். விலையைப் பார்த்ததும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே தீர்மானித்தேன், நம் பிளானரை நாமே செய்துகொள்வது என்று.

தாளுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு அடுக்கு முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. எல்லா வீட்டிலும் இருக்கும். மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தூக்கிப் போட மனசு வராது, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியாது. நல்ல கெட்டித்தாள். பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று சும்மா கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எத்தனை பேர் எனக்காகச் செலவு செய்து அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு சுலபம். ஒரு பத்திரிகையை விரித்து நடுவில் வெட்டினால் இரண்டு தாள். ஒரு தாளின் பின்பக்கம் திங்கள் முதல் புதன் வரை. இன்னொரு தாளின் பின்பக்கம் வியாழன் முதல் ஞாயிறு வரை. ஆக வாரத்துக்கு ஒரு கல்யாணம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. கோடு போட ஸ்கேல் கிடைக்கவில்லை, ஊதுபத்தி டப்பாவை வைத்துப் போட்டேன். டப்பாவின் அகலத்துக்கு வியாழன், வெள்ளி, சனி தாராளமாக வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு விரல் இடம்தான் மிஞ்சியது. கோணி ஊசியால் ஓட்டை போட்டு, சாக்கு தைக்கிற நூலால் தைத்தேன். அம்மாவின் பட்டுப்புடவை வந்த பெட்டி மேலட்டை ஆயிற்று. பத்திரிகைகளில் இருந்த ஜிகினாவெல்லாம் என் மூஞ்சியில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் கிளினிக்கில் பல்வலிக்காரர் ஒருவர் வலியை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரே ஒரு தடவை எச்சரித்தாள். “ஏண்டி தேனு, மஞ்ச தடவுன பத்திரிகடி அது. கத்திரி வைக்காத.”

“அவங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகி புள்ள ஸ்கூல் போவுதும்மா. இனிமே கத்திரி வச்சா என்ன ஆவும்?” என்றேன். (இந்தக் கேள்விக்கான விடை நாலாவது மாதம் நேரில் வந்தது.)

எல்லாம் தைத்து முடித்து எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்றுதான் இருந்தது. மே மாதக் கடைசியில் ஒரு வாரத்தை எப்படியோ விட்டிருக்கிறேன். அலமாரியில் பத்திரிகை தீர்ந்துபோயிற்று. தேடிக்கொண்டே போனவள் அப்பாவின் பீரோ வரைக்கும் போனேன். அங்கே அவருடைய வேலைக் காகிதங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் ஒரு பத்திரிகை இருந்தது. கெட்டியான தாள், ஓரத்தில் தங்க வேலைப்பாடு. இடது பக்கம் மாப்பிள்ளை மணிகண்டன் பெயர், வலது பக்கம் பொண்ணு கவிதா பெயர்.

கவிதா என் அத்தை மகள். ஆண்டிமடத்து அத்தையின் மூத்த பெண்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தை அப்பாவின் ஒரே அக்கா. சின்ன வயதில் தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். கவிதாவின் கல்யாணத்துக்கு அந்த அத்தை, தாய்மாமனான எங்கள் அப்பாவுக்குப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதலில் தட்டு எடுத்துக்கொண்டு போய் நேரில் பத்திரிகை வைக்கவேண்டும். அந்தச் சமயம் அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, மொபட்டிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்தார். சொந்தத் தம்பிதானே, புரிந்துகொள்வான் என்று அத்தை நினைத்துவிட்டாள். தம்பியோ கூரியர்காரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பத்திரிகையை வாங்கியதும் ஆடிவிட்டார். “தாய்மாமன் கையெழுத்து போட்டு வாங்குற பத்திரிகையா இது?” என்று கேட்டவர், கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்களையும் விடவில்லை. அங்கே ஒன்றுவிட்ட மாமா ஒருவர் சீர் தட்டைத் தூக்கினார். அத்தை மணவறை ஓரத்தில் நின்று அழுதாள் என்று கேள்வி.

அதோடு சரி. ஐந்து வருஷம் பேச்சு இல்லை. அப்பாவுக்குக் கரண்ட் ஆபீஸில் லைன்மேன் வேலை. ஊர் முழுக்க அறுந்த கம்பியை எல்லாம் ஏறி ஏறி இழுத்துக் கட்டுவார். அக்காவுக்கு ஒரு போன் போட மாட்டார். அத்தை வீட்டு முந்திரித் தோப்பிலிருந்து வருஷா வருஷம் ஒரு பை முந்திரி வரும். அது நின்றதும், கடையில் வாங்கவும் அப்பா விடவில்லை. “முந்திரிய காசு குடுத்து வாங்கணும்னு நமக்கு என்ன தலயெழுத்து?” என்பார். ஐந்து வருஷமாக எங்கள் வீட்டுப் பாயசத்தில் வேர்க்கடலைதான் மிதந்தது.

இவ்வளவும் தெரிந்த நான் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன யோசித்திருக்க வேண்டும்? ஐந்து வருஷம் ஒரு மனுஷர் அதைக் கவர் போட்டு ஏன் வைத்திருக்கிறார் என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. ‘கோபமாக இருப்பவர்கள் வீட்டுப் பத்திரிகைதானே, வெட்டினால் அப்பா சந்தோஷம்தான் படுவார்’ என்று யோசித்தேன். சரக்கென்று ஒரே வெட்டு. மணிகண்டன் மே மாதக் கடைசி வாரத்தின் திங்கள் முதல் புதனுக்குப் போனார். கவிதா வியாழன் முதல் ஞாயிறுக்குப் போனாள்.

பிளானர் உபயோகத்துக்கு வந்தது. வீடியோவில் அந்தப் பெண் ஒரு விதி சொல்லியிருந்தாள். ஒரு வாரத்தில் முடிக்காத வேலையை அம்புக்குறி போட்டு அடுத்த வாரத்துக்கு எடுத்து எழுதவேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நான் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தேன். வேலையைச் செய்தேனோ இல்லையோ, எடுத்து எழுதத் தவறியதில்லை. ‘பஸ் பாஸ் புதுப்பிக்கணும்’ ஏழு வாரம் நடந்தது. ‘தையல்காரரிடம் சுடிதார் வாங்கணும்’ ஒன்பது வாரம் நடந்து, அதற்குள் சுடிதார் எனக்கு இறுக்கமாகிவிட்டதால் அந்த வரியை அடித்துவிட்டேன்.

சித்திரை மாதம் ஒரு நாள் போன் வந்தது. அம்மா எடுத்தாள். எடுத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தையின் இரண்டாவது பெண் பவித்ராவுக்கு வைகாசியில் கல்யாணம். “ஞாயித்துக்கெழம நானும் மாமாவும் பத்திரிக வைக்க வர்றோம். இருப்பீங்கல்ல?” என்று அத்தை கேட்டாளாம். இருப்பீங்களா என்ற கேள்விதான் அம்மாவை அழவைத்துவிட்டது.

 அப்பா மறுநாளே லீவு போட்டு வாசல் சுவருக்கு வெள்ளையடித்தார். கேட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் பெயிண்ட் அடித்தார். தினமும் ராத்திரி சாப்பிடும்போது, “ஞாயித்துக்கெழமதான?” என்று கேட்பார். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“தேனு, நாளைக்கு எதுவும் ஏறுக்குமாறா ஆயிடக் கூடாதும்மா. இந்தத் தடவயும் கெட்டுப்போச்சுன்னா, அப்பறம் அக்காவும் நானும் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சாவுக்குத்தான் பாத்துக்குவோம்.”

அப்பா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.  பொறுப்பு முழுவதையும் என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். உட்கார்ந்து மறுநாளுக்கான திட்டத்தைப் பிளானரில் எழுதினேன். இரண்டு விரல் ஞாயிற்றுக்கிழமை போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதினேன். ஒன்றுகூட விடவில்லை. (அன்று எழுதாமல் தூங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.)

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. அத்தை இறங்கினாள். முடி பாதி வெளுத்திருந்தது. அப்பா கேட்டுக்கு இந்தப் பக்கம், அத்தை அந்தப் பக்கம். ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிற அக்காவிடம் அப்பா சொன்ன முதல் வார்த்தை, “பெயிண்ட்டு காயல, கேட்ட தொடாத.”

“ம்” என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே வந்தாள். மாமா பின்னால் தட்டும் பையுமாக வந்தார். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம்.  மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மறுபடியும் குடித்தார்.

அத்தை தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை என்று எடுத்து வைத்தாள்.  தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். “மல்லிகா, முகூர்த்தக்கால் வெள்ளிக்கெழம. மாமன் வூட்டுக்காரங்க அதுக்கு முன்னாடியே வந்துடணும். மறந்துடாதீங்க.”

எவ்வளவு நல்ல நேரம். இதோ தட்டு கைமாறப் போகிறது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் மறதி பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? திட்டமிட்டு வாழ்கிற பெண் அல்லவா.

“மறக்கவே மாட்டோம் அத்த. நான் எழுதி வச்சுக்கறேன். பாருங்க, நானே செஞ்ச பிளானரு” என்று உள்ளே ஓடி எடுத்து வந்து, கல்யாண வாரமான மே மாதக் கடைசி வாரத்தைத் திருப்பி, அத்தையின் கையிலேயே கொடுத்தேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “பரவால்லயே, கெட்டிக்காரியா ஆயிட்ட” என்றாள். தாளை ஒருமுறை புரட்டினாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“இது என்ன, தெரிஞ்ச பேரா இருக்கு. மணிகண்டன். நம்ம மாப்ளயில்ல?”

அத்தை தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“மாப்ள மட்டும் இருக்காரு. கவிதா எங்க?”

அடுத்த தாளையும் புரட்டினாள். கவிதா அங்கே இருந்தாள். பக்கத்தில் கோணல்மாணலாகக் கத்தரி போன தடம்.

“வெட்டியிருக்கு” என்றாள் அத்தை. குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. “ரெண்டு பேரையும் நடுவுல வெட்டியிருக்கு.”

அப்பா எழுந்து வந்து பார்த்தார். தன் பத்திரிகைதான் என்று தெரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. “பீரோவுல வச்சிருந்தனே” என்று மட்டும் சொன்னார்.

மணிகண்டன் அப்போது துபாயில் வேலையில் இருந்தார். இரண்டு வருஷமாக லீவு கிடைக்கவில்லை. கவிதா குழந்தையோடு ஆண்டிமடத்தில் அத்தை வீட்டில் இருந்தாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசி அத்தையின் மனசு ஏற்கெனவே ரணமாக இருந்தது எனக்குத் தெரியாது.

“வராததுதான் வரல. வந்த பத்திரிகய வெட்டி நோட்டு தச்சிருக்கீங்களே. அதான் அவன் அங்க கெடக்குறான், இவ என் வூட்டுல கெடக்குறா” என்றாள் அத்தை. மடியிலிருந்த தட்டைத் தூக்கி மாமாவிடம் நீட்டினாள். “எழுந்திரிங்க. இவங்க கையில இந்தப் பத்திரிகயயும் குடுத்தா இதையும் கத்தரிக்கறதுக்கா? போவலாம்.”

 “அத்த, நான்தான் வெட்டுனேன், அப்பாவுக்குத் தெரியாது” என்று சொன்னதாக ஞாபகம். சத்தமாகச் சொன்னேனா என்பது தெரியவில்லை. அம்மா என் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். (அம்மா பழைய கதையை எடுத்தால் நான்தான் அவள் காலை மிதிப்பதாகத் திட்டம்.)

“வேற யாரு யாரு குடும்பத்த வெட்டிவச்சிருக்கான்னு பாக்கறேன் இரு” என்று அத்தை கோபத்தில் தாள்களைப் புரட்டினாள். புரட்டியவள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தாள். என் கையெழுத்து கண்ணில் பட்டது. கோர்ட்டில் சாட்சியைப் படிக்கிற மாதிரி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

“‘அத்தை வருகை. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கு, டீயில் சர்க்கரை போடக்கூடாது.’”

“போட்டிருந்துச்சு” என்றார் மாமா மெதுவாக.

“‘ஜன்னல் ஓரத்துச் சேருக்கு ஒரு கால் ஆடுது, அதில் மாமாவை உட்கார வைக்காதே.’”

மாமா குனிந்து தான் உட்கார்ந்திருந்த சேரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, ஒரு சத்தமும் வராமல் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

“‘அத்தை கேட்டால் கிளினிக்கில் மேனேஜர் என்று சொல்லணும்.’ மேனேஜரா நீ?”

“இல்ல அத்த.”

“‘அம்மா பழசை எடுத்தால் காலை மிதிக்கணும். அப்பா சட்டையில் பட்டன் பார்க்கணும். அத்தை அழுதால் கொடுக்கப் பூப்போட்ட புதுத் துண்டு.’” அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நான் அழுவன்னு நீ எழுதிவச்சியா?”

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பெரம்பலூர்ப் பக்கம் பூமி கெட்டி, அவ்வளவு சுலபமாகப் பிளக்காது.

அத்தை முந்தைய வாரத்தைத் திருப்பினாள். அதற்கு முந்தைய வாரத்தை. அதற்கும் முந்தையதை. படிக்கிற சத்தம் நின்றுவிட்டது. விரல் மட்டும் தாள் தாளாகப் போய்க்கொண்டிருந்தது. ஜனவரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“இது என்னடி, வாரா வாரம் ஒரே வரி? ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆண்டிமடம் போகணும்.’ எல்லாத் தாள்லயும் இருக்கு.”

“அது வந்து அத்த, செய்யாத வேலைய அடுத்த வாரத்துக்கு எடுத்து எழுதணும். அதான் விதி.”

“பதினஞ்சு வாரமாவா?”

“ஆமா அத்த.”

“பக்கத்துல இது என்ன? ‘அப்பா மறுபடியும் பஸ் நேரம் கேட்டார்.’ இங்கயும் இருக்கு. ‘பஸ் நேரம் கேட்டார்.’ எந்த பஸ்ஸு?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கேட்டில் அடித்த பெயிண்ட் விரலில் ஒட்டியிருப்பதை ரொம்ப அக்கறையாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். “ஆண்டிமடம் போற பஸ்ஸு அத்த. கிளினிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான. நான் வேலைக்குக் கிளம்பறப்ப, ஜெயங்கொண்டம் வழியா ஆண்டிமடம் போறதுக்கு எத்தன மணிக்கு வண்டின்னு பாத்துட்டு வரச் சொல்லுவாரு. நானும் பாத்துட்டு வந்து சொல்லுவேன்.”

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள்.

“பஸ் டைம் கேட்டியாடா?”

“கேட்டேன்” என்றார் அப்பா.

“ஏறலயா?”

“நீ கூப்புடலயேக்கா.”

ஐம்பத்தைந்து வயது மனுஷர், எட்டு வயதுப் பையன் மாதிரிச் சொன்னார். அத்தை அப்படியே பிளானரை மார்போடு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “நான் தூக்கி வளத்த புள்ளடா நீ. உன்ன கூப்புடணுமாடா நான்? கூரியர்ல அனுப்புனது தப்புதான்டா. அவரு கால் கட்டோட கெடந்தாரு, எனக்கு புத்தி ஓடல” என்றாள். அப்பா, “நான் வராததுதான்க்கா பெரிய தப்பு” என்றார். அவரும் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குச் சட்டென்று கடமை ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் துண்டைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தேன். அத்தை முகத்தைத் துடைத்தாள். ஏதோ பினாயில் வாசனை வந்தது. பூப்போட்ட புதுத் துண்டு உள்ளே பத்திரமாக மடித்து இருந்தது. நான் கொண்டுவந்தது வீடு துடைக்கிற துணி. மாமாதான் முதலில் சிரித்தார். அவருக்குப் பின்னால் அம்மா. அத்தை அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓர் அறை வைத்தாள். அவ்வளவு நல்ல அறையை நான் அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை.

ஆனாலும் தட்டு கைமாறவில்லை. அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். “மொதல்ல அவங்க ரெண்டு பேரையும் ஒட்டு. ஒட்டுனாத்தான் தட்டு.”

இரண்டு தாளையும் பிரித்து எடுத்தேன். செல்லோ டேப்பைத் தேடி எடுத்தால் அதன் முனை கிடைக்கவில்லை. நான் நகத்தால் சுரண்டினேன், அம்மா சுரண்டினாள், மாமா வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துச் சுரண்டினார். ஆளுக்கொரு சுற்றுச் சுரண்டியும் முனை அகப்படவில்லை. அப்பா எழுந்துபோய்த் தன் வேலைப் பையைக் கொண்டுவந்தார். கரண்ட் கம்பிக்குச் சுற்றுகிற டேப் அதில் நாலு நிறத்தில் இருக்கும். கைக்கு முதலில் வந்தது கறுப்பு.

“கறுப்பாடா ஒட்டுவ, நல்ல காரியத்துக்கு?” என்றாள் அத்தை.

அப்பா சிவப்பைத் தள்ளி, நீலத்தைத் தள்ளி, மஞ்சள் டேப்பை எடுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணிகண்டனையும் கவிதாவையும் ஓரம் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் ஒட்டினார். பல்லால் கடித்து அறுத்தார். கட்டைவிரலால் நாலு தடவை நீவிவிட்டார்.

“இனிமே மழ பேஞ்சாலும் வுடாதுக்கா” என்றார்.

அத்தை அதை வாங்கி உற்றுப் பார்த்தாள். பிறகு பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, தம்பியையும் மல்லிகாவையும் சேர்ந்து நிற்கச் சொல்லி, தட்டைக் கொடுத்தாள். மாமா பையிலிருந்து முந்திரிப் பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கொண்டுவந்த மாதிரி ஒரு பொட்டலம்.

பவித்ரா கல்யாணத்துக்கு அப்பா மூன்று நாள் முன்னாடியே போய்விட்டார். மணிகண்டன் லீவு கிடைத்து வந்து இறங்கினார். அவர் லீவுக்கு எழுதிப்போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது, ஆனால் அத்தை அதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் மஞ்சள் டேப் மகிமை என்றாள். அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், “தேனு அப்பாவுக்குப் போன் போடுங்க, டேப்ப எடுத்துட்டு வரட்டும்” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவும் அக்காவும் இப்போது ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறார்கள். அரை மணி நேரத்தில் கால் மணி நேரம் என்னைப் பற்றித்தான். பேசட்டும். ஐந்து வருஷம் அடைத்துக் கிடந்த வாய்கள் என் முட்டாள்தனத்தால் திறந்தன என்றால், அந்த முட்டாள்தனத்துக்கும் அதைச் செய்யவைத்த சாமிக்கும் நான் கடைசிவரை நன்றி சொல்வேன்.

போன தையில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க அரியலூரில் ஒரு அச்சகத்துக்குப் போனோம். அத்தையும் ஆண்டிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அச்சகக்காரர் மாதிரிகளை எல்லாம் எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் இடது பக்கம் மாப்பிள்ளை, வலது பக்கம் பொண்ணு. அத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள்.

“ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல போடுங்க. ஒருத்தர் பேருக்குக் கீழ ஒருத்தர் பேரு.”

“அப்படிப் போட்டா இன்னொரு பக்கம் சும்மா கெடக்குமேம்மா” என்றார் அச்சகக்காரர்.

“கெடக்கட்டும். பவித்ரா புள்ள காதுகுத்துக்கும் இப்படித்தான் அவ பேரையும் அவ புருஷன் பேரையும் ஒரே பக்கத்துல அடிச்சோம். எங்க வூட்டுல இனிமே எல்லாம் இப்படித்தான்.”

“ஏம்மா, ஏதாச்சும் வேண்டுதலா?”

அத்தை என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“வேண்டுதல் இல்ல சார். நாளைக்கி எந்தக் கிறுக்கச்சி நடுவுல கத்திரி வச்சாலும், எம் மருமவளும் அவ புருஷனும் ஒரே வாரத்துல, ஒரே தாள்ல இருக்கணும்.”